மார்கழிப் பனியில் தடுமாறிய விமான எஞ்சின்

ஓசூர்ப் பக்கம் மார்கழிக் காலைகளில் பறக்கும்போது எங்கள் சிறு விமானத்தின் ஆர்.பி.எம். (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) தானாக இறங்கிக்கொண்டே போகும். தரையில் சோதித்தால் சீராக ஓடும். ஸ்பார்க் பிளக், அதற்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ, பெட்ரோல் வடிகட்டி எதிலும் பழுதில்லை.

ஒருநாள் எஞ்சின் மூடியைத் திறந்ததும், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் முத்துமுத்தாக வியர்த்திருந்தது. பெட்ரோல் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் உள்ளே பனிக்கட்டியாகப் படிந்து காற்று வழியை அடைக்கிறது. வெளியே 20 டிகிரி இருந்தாலும் படியும். எஞ்சினை நிறுத்தியதும் அதன் சூட்டிலேயே உருகிவிடும், தடயம் மிஞ்சாது.

அடுத்த முறை, கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் வெப்பக்காற்றுக் கைப்பிடியை முழுதாக இழுத்தேன். ஆர்.பி.எம். இன்னும் சரிந்து எஞ்சின் இருமியது. உருகிய நீர் உள்ளே போகிறது என்பதற்கு அதுவே அடையாளம். பயந்து கைப்பிடியை மூடிவிடவே கூடாது. சற்றுப் பொறுத்ததும் ஆர்.பி.எம். ஏறத் தொடங்கியது. அப்பாடா என்றிருந்தது. இப்போதெல்லாம் தரையிறங்க வேகத்தைக் குறைக்கும் முன்பே இழுத்துவிடுகிறேன்.