மாணவர்கள் ஓவியத்தை விமர்சிக்கும் வகுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேலி கூடாது, ஒருவர் படத்தை இன்னொருவர் படத்தோடு ஒப்பிடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இங்கே சொல்லப்போகும் தவறுகள் நல்ல எண்ணத்தோடு செய்யப்படுபவை. அதனாலேயே யாரும் திருத்துவதில்லை.

வரைந்தவரை முதலில் பேச விடுவது

படத்தை மாட்டியதும் "என்ன வரைஞ்சிருக்க, சொல்லு" என்று கேட்பது மரியாதை போலத் தோன்றும். அந்தக் கேள்வியோடு விமர்சனம் முடிந்துபோகிறது. ஒரு மாணவி காலி நாற்காலியை வரைந்துவிட்டு, "பாட்டி இறந்த பிறகு எங்க வீடு" என்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே எல்லோருக்கும் துக்கம் தெரிய ஆரம்பிக்கும். சாம்பல் நிறம் துக்கம், மூடிய ஜன்னலும் துக்கம். உண்மையில் கண்ணை இழுப்பது மூலையில் இருக்கும் சிவப்புப் பூந்தொட்டி, நாற்காலி இரண்டாம்பட்சம். ஆனால் பாட்டியைப் பற்றிப் பேசியவளிடம் பூந்தொட்டியைப் பற்றிச் சொல்ல யாருக்கு வாய் வரும்? தன் படம் பேசிவிட்டது என்று நம்பிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவாள். பேசியது அவள்தான்.

இதற்கு ஒரு துண்டுச் சீட்டு போதும். மாட்டுவதற்கு முன் வரைந்தவர் தன் நோக்கத்தை ஒரே வரியில் எழுதி, மடித்து, படத்தின் பின்னால் ஒட்டிவிடட்டும். பிறகு 2 நிமிடம் யாரும் பேசாமல் பார்க்க வேண்டும். 30 நொடியிலேயே யாராவது சிரிப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள். அடுத்த 5 நிமிடம் பார்ப்பவர்கள் மட்டும் பேசலாம். முதலில் கண்ணில் படுவது மட்டும்: என்னென்ன பொருள்கள், வெளிச்சம் எந்தப் பக்கம், எந்தக் கோடு தடிமன். பிறகு, கண் முதலில் எங்கே போனது, அங்கிருந்து எங்கே நகர்ந்தது. அதற்கப்புறம்தான் என்ன உணர்வு வருகிறது, படத்தின் எந்த இடம் அப்படி உணர வைக்கிறது என்பது.

வரைந்தவர் அதுவரை வாய் திறக்காமல் குறிப்பெடுக்க வேண்டும். "இல்ல, அது வந்து..." என்று குறுக்கே வருவார். ஒவ்வொரு முறையும் நிறுத்துங்கள். இந்த இடத்தில் இரக்கப்பட்டு விட்டுக்கொடுக்கும் ஆசிரியர்களைப் பார்த்தால் இன்றும் எரிச்சல்தான்.

கடைசியில் சீட்டைப் பிரியுங்கள். சீட்டில் இருப்பதற்கும் குறிப்பில் இருப்பதற்கும் உள்ள இடைவெளிதான் அடுத்து செய்ய வேண்டிய வேலை: சிவப்பைப் பழுப்பாக அடக்குவதா, தொட்டியையே எடுத்துவிடுவதா, நாற்காலிக்குப் பின்னால் வெளிச்சத்தைக் கூட்டுவதா.

சுவரொட்டி போன்ற பயிற்சிகளில் என்ன தலைப்பு, யாருக்காக என்பதை மட்டும் முன்பே சொல்லலாம்.

நான்கு படிகளைப் படிவமாக்குவது

அமெரிக்கக் கலைக் கல்வியாளர் எட்மண்ட் ஃபெல்ட்மன், படத்தை விமர்சிக்க வகுத்த விவரித்தல், பகுத்தாய்தல், பொருள்கொள்ளல், மதிப்பிடல் என்ற வரிசை பலருக்கும் பழக்கமானது. அதை நான்கு கட்டங்களாக அச்சடித்துக் கொடுத்தால் மாணவர்கள் கட்டத்துக்கு ஒரு வரி எழுதிவிட்டு நிமிர்ந்துவிடுவார்கள். பாதி நேரம் விவரிப்பதற்கே போக வேண்டும். அது மெலிந்தால் மற்ற மூன்றும் வெறும் ஊகம்.

"நல்லா இருக்கு"

எந்த இடம் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

ஒரே நாளில் எல்லாப் படங்களும்

ஒரு படத்துக்கு 10 நிமிடம், 30 படங்கள் என்றால் 5 மணி நேரம். 45 நிமிட வகுப்பில் 4 படங்களுக்கு மேல் எடுக்காதீர்கள்.

முடித்த கையோடு சுயவிமர்சனம்

தூரிகையைக் கழுவும்போதே "உன் படத்துல என்ன குறை?" என்று கேட்டால் "கை சரியா வரல" என்பதுதான் பதில். கை வரைந்ததை இன்னும் கண் பார்க்கவில்லை. ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். பிறகு படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்க்கட்டும், அல்லது கண்ணாடியில். கண்ணாடியில் பார்ப்பது லியனார்டோ டா வின்சியே ஓவியர்களுக்குச் சொன்ன யோசனை. கைபேசியில் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தால், முக்கிய உருவம் பின்னணியோடு கரைந்துபோகிறதா என்பது உடனே தெரியும். ஆனால் அந்தச் சிவப்புத் தொட்டி இதில் அகப்படாது. அது நிறம் செய்யும் வேலை. வண்ணத்தில் பார்த்தால்தான் பிடிபடும்.

பிறகு இரண்டே வரி எழுதச் சொல்லுங்கள்: இனித் தொடக் கூடாத இடம் ஒன்று, மாற்ற வேண்டிய இடம் ஒன்று. "ஷேடிங் சரியில்லை" போதாது. "இடது தோளின் நிழல் கழுத்து நிழலைவிடக் கறுப்பாக இருக்கிறது" என்று இருக்க வேண்டும்.

மாணவரின் தாளில் ஆசிரியர் கோடு போடுவது

வேண்டாம். டிரேசிங் தாளை மேலே வைத்து அதில் போடுங்கள்.