சமதரைப் பழக்கத்தோடு மலைப்பாதையில் இறங்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் வாகனம் ஓட்டப் பழகியவர் பார்த்த பெரிய ஏற்றம் ஒரு பாலத்தின் ஏற்றமாகத்தான் இருக்கும். குடாநாட்டில் மலை இல்லை. இருந்தும் ஏப்ரல், ஓகஸ்ட் விடுமுறை வந்துவிட்டால் ஏ9 வீதியால் மாத்தளை, கண்டி என்று குடும்பத்தோடு புறப்பட்டுவிடுகிறோம். நுவரெலியாத் தார் வீதியோடு நில்லாமல், ஹுன்னஸ்கிரியவில் திரும்பி, கோர்பட் கணவாய் தாண்டி நக்கிள்ஸ் மலைகளுக்குள் இருக்கும் மீமுரே கிராமத்துக்கு இறங்கும் கரடுமுரடான பாதைக்கும் இளைஞர்கள் போகிறார்கள். போய்ப் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் நல்ல டபுள் கப் வாகனத்தோடு போனவர்களும் அங்கே அவதிப்படுகிறார்கள். சமதரையில் கையிலும் காலிலும் ஊறிய பழக்கமே அதற்குக் காரணம்.

எல்லாத் தவறுகளிலும் பெரியது, இறக்கத்தை இலகு என்று நினைப்பது. ஏறும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். உச்சி தாண்டியதும் பேச்சும் பாட்டும் தொடங்கும். சாரதியும் மூன்றாம் கியருக்கு மாறி, பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்குவார். கொஞ்சத் தூரத்தில் கருகல் மணம் வரும். பிரேக் கட்டைகளின் சூடு பிரேக் எண்ணெய்க்கு ஏறி, எண்ணெய் கொதித்து, குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். ஆவி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. அதனால்தான் அதுவரை இறுக்கமாக இருந்த மிதி திடீரென்று அடிவரை போய்விடுகிறது. டொட் 3 வகை பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரையாவது தாங்க வேண்டும். நாளடைவில் காற்றின் ஈரம் ஊறிய பிறகு 140 பாகை தாங்கினாலே போதும் என்றுதான் அதன் தரவிதி சொல்கிறது. இரண்டு வருடத்துக்கு மேலாக மாற்றாத எண்ணெயோடு மலைக்குப் போகவே போகாதீர்கள்.

ஒரு பாதையில் ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ, இறங்கவும் அதே கியர்தான். கல்லும் குழியுமான செங்குத்து என்றால் முதலாம் கியர். நாற்சில்லு இயக்க (4WD) வாகனத்தில் தாழ்நிலைக் கியர் (4L). ஓட்டோ கியர் வாகனத்தில் 'எல்' அல்லது '2'. இறக்கம் தொடங்குமுன்னரே மாற்றிவிட வேண்டும். பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது தற்கொலைக்குச் சமம்.

மலையில் ஒரு வளைவில், வடக்கிலிருந்து வந்த வான் ஒன்று முன்சில்லுகளில் புகை பறக்க நின்றதைப் பார்த்தேன். ஒரு பையன் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்தபடி சில்லருகே குந்தியிருந்தான். எதிரே வந்த தேயிலைத் தோட்ட லொறிச் சாரதி, வயதானவர், இறங்கி ஓடிவந்து அவன் கையைப் பிடித்தார். "தம்பி, ஊற்றாதீர்கள். பிரேக் தட்டு வெடித்துவிடும். சில்லுக்குக் கல்லை அண்டைகொடுத்துவிட்டு, ஆறும்வரை பேசாமல் நில்லுங்கள்." லொறியிலிருந்து இரண்டு கட்டைகளை எடுத்து அவரே அண்டையும் வைத்துவிட்டுப் போனார்.

ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் பதறி வாகனத்தைக் குறுக்கே திருப்பப் பார்ப்பது அடுத்த தவறு. சரிவில் குறுக்காக நிற்கும் வாகனம் உருளும். பிரேக்கை இறுக மிதித்து, ரிவேர்ஸ் கியரில் போட்டு, ஏறிய தடத்திலேயே நேராகப் பின்னுக்கு இறங்குங்கள். கூரை மேல் அரிசி மூட்டையும் தண்ணீர்க் கானும் கட்டியிருந்தால் ஆபத்து இன்னும் கூடும். பாரமானவை தரையோடு இருக்கட்டும்.

மணற்காட்டு மணலில் ஓடிப் பழகியவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மணலில் வேகத்தை விட்டால் புதையும். பாறையில் வேகம் பிடித்தால் அச்சு உடையும். நடந்துபோகும் வேகம் அங்கே போதும். பெரிய கல்லை இரண்டு சில்லுக்கும் நடுவே விடப் பார்க்காதீர்கள், அச்சின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷல் பெட்டியில் அடிக்கும். சில்லைக் கல்லின் மேலேயே ஏற்றுங்கள். ரயர் காற்றை 32 பிஎஸ்ஐயிலிருந்து 25 அளவுக்குக் குறைத்தால் பிடிப்புக் கூடும், குலுக்கல் குறையும். ஆனால் திரும்ப அடிக்கப் பம்ப் கையில் இல்லாமல் குறைக்கக் கூடாது. நாற்சில்லு இயக்கத்தைச் சிக்கிய பிறகு போடுவதில் பயனில்லை; சிக்கலைக் கண்டதுமே போடுங்கள். ஒடுங்கிய பாதையில் எதிரே ஏறிவரும் வாகனத்துக்கு இறங்குபவரே வழிவிட வேண்டும்.

ஓடை குறுக்கிட்டால் முதலில் ஒருவர் தடியோடு நடந்து பார்க்கட்டும். நடக்கவே முடியாத இழுவையில் வாகனமும் நிற்காது. சில்லின் நடுப்பகுதிக்கு மேல் தண்ணீர் என்றால் திரும்பிவிடுவதே புத்தி. இறங்கினால் தாழ்ந்த கியரில், நடுவில் கியர் மாற்றாமல், ஒரே சீராகப் போங்கள். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் திறப்பைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது. முடுக்கினால் உள்ளே தண்டுகள் வளையும். கயிறு கட்டி வெளியே இழுத்த பிறகே மற்றதெல்லாம்.

மழையை யாழ்ப்பாணத்துக் கணக்கில் பார்க்கக் கூடாது. எங்களுக்கு ஏப்ரல் என்றால் வெயில். மலைநாட்டில் அது பருவங்களுக்கு இடைப்பட்ட காலம். காலையில் வானம் தெளிந்திருந்தாலும் பிற்பகலில் இடியோடு கொட்டும். ஆகவே கடினமான பகுதியை மதியத்துக்குள் கடந்துவிடுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவுவாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. புறப்படும் அன்று காலையில் அதைப் பாருங்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரங்கள், திடீரென்று கலங்கிய ஊற்றுநீர், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நிற்காமல் வந்த வழியே திரும்புங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டு வீதிகளைச் சிதைத்த பிறகு, பழைய வரைபடத்தை நம்பிப் போவதும் தவறு. ஊர்க்காரரிடம் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. பள்ளங்களில் தொலைபேசி எடுபடாது என்பதால், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டே இறங்குங்கள்.

நக்கிள்ஸ் மலைகள் 2010 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கின்றன. சேற்றைச் சுற்றிப் புல்லுக்குள் விடும் ஒரு சில்லுத் தடம், அடுத்த மழைக்கு வாய்க்காலாகி மண்ணை அரித்துக்கொண்டு போகும். பாதையை விட்டு விலகாதீர்கள்.

தார் வீதிக்கு ஏறியதும் காற்றை அடியுங்கள், நாற்சில்லு இயக்கத்தை எடுத்துவிடுங்கள், பிரேக் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஏ9இல் வேகம் கூட்டும்போது ஸ்டியரிங் நடுங்கினால் பலரும் முதலில் அலைன்மென்டைத்தான் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் அது சில்லின் உட்புறத்தில் காய்ந்து ஒட்டிய சேறு. மாத்தளை தாண்டுமுன் ஒரு சேர்விஸ் நிலையத்தில் கழுவிவிட்டால் நடுக்கம் நின்றுவிடும்.