தியேகுவான்யின் ஊலாங்: போடுவதும் சுவைப்பதும்

சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் அன்ஷி மலைப்பகுதியில் விளையும் ஊலாங் இது, அதாவது பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் இடைப்பட்ட தேயிலை. பெயருக்கு 'இரும்புக் குவான்யின்' என்று பொருள். பிறப்புக் கதைகள் இரண்டு, இரண்டும் ஷிபிங் வட்டாரத்தவை. நாள்தோறும் கருணைத் தெய்வமான குவான்யினுக்குத் தேநீர் படைத்துவந்த விவசாயி வெய் யின், கனவில் வந்த செடியைப் பாறை இடுக்கில் கண்டெடுத்து இரும்புச் சட்டியில் நட்டாராம். இன்னொன்றில் செடியைக் கண்டவர் வாங் ஷிராங் என்ற படித்தவர். 1741இல் அது சியன்லோங் பேரரசரிடம் போக, அவரே பெயர் வைத்தாராம். வழக்கு இன்னும் தீரவில்லை. பெயரிலுள்ள இரும்புக்கு மட்டும் சாட்சி உண்டு: நல்ல இலை உருண்டையைக் காலிப் பீங்கானில் போட்டால் 'ணங்' என்று கேட்கும்.

வறுத்த வகை, அதிகம் வறுக்காத பச்சை வகை இரண்டும் கிடைக்கும். புதியவர்கள் வறுத்ததில் தொடங்கலாம், சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். பச்சை வகையைக் காற்றுப் புகாமல் கட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே வைத்தால் பூமணம் முதலில் போய்விடும்.

1. 110 மி.லி. மூடிக் கிண்ணத்தைக் கொதிநீரில் சூடாக்கிக் கொட்டுங்கள்.

2. 7 கிராம் இலை போடுங்கள். கொஞ்சமாகத் தெரிகிறதே என்று கூட்டாதீர்கள். விரிந்ததும் மூடியையே தூக்கும். மூடி, ஒருமுறை குலுக்கி, முகர்ந்து பாருங்கள்.

3. கொதிநீர் ஊற்றி 5 விநாடியில் கொட்டிவிடுங்கள். இது இலை விரியத் தொடங்குவதற்கு.

4. மறுபடி கொதிநீர், 20 விநாடி. விளிம்பு வரை ஊற்றினால் விரல் சுடும், சற்றுக் குறைத்தே ஊற்றுங்கள். கடைசிச் சொட்டு வரை வடித்துவிட வேண்டும். தேங்கிய நீர்தான் அடுத்த சுற்றைக் கசக்க வைக்கிறது. அடுத்தடுத்து 5 முதல் 10 விநாடி கூட்டிக்கொண்டே போங்கள்.

சப்பென்று இருந்தால் தண்ணீர் ஆறியிருக்கிறது. பச்சைத் தேயிலைக்குப் பழகிய 80 டிகிரியில் இந்த உருண்டை சரியாக விரியாது, 95க்குக் கீழே போகாதீர்கள். வெந்த கீரை வாடை வந்தால், சுற்றுகளுக்கு இடையே மூடியை இறுக்கி வைத்திருக்கிறீர்கள்.

முதலில் மூடியின் உட்புறத்தை முகருங்கள்: பச்சை வகையில் ஆர்க்கிட் பூ, வறுத்ததில் வறுத்த தானியமும் தேனும். பிறகு காற்றோடு சேர்த்து உறிஞ்சுங்கள். விழுங்கிய சற்று நேரத்தில் தொண்டையில் இனிப்பு ஊற வேண்டும். அது வராவிட்டால் மணம் எவ்வளவு தூக்கலாக இருந்தாலும் சரக்கு சுமார்தான். பச்சை வகை சிலவற்றில் மெல்லிய புளிப்பு தெரியும். அது பதப்படுத்தும் முறையால் வருவது, கெட்டுப்போனதல்ல.

ஏழு சுற்றுக்கும் மணம் நிற்கும் என்பார்கள். முடிந்ததும் இலையை விரித்துப் பாருங்கள்: தடித்து, பளபளப்பாக இருக்க வேண்டும். புத்தகங்கள் சொல்லும் சிவந்த ஓரத்தை இக்காலப் பச்சை வகையில் தேடாதீர்கள், தயாரிக்கும்போதே உதிர்த்துவிடுகிறார்கள்.