வெட்டரன்ஸ் டேக்குப் பக்கத்து வீட்டு முன்னாள் படைவீரரைப் பார்க்கப் போகிறீர்களா?

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்கள் பலர் இதை மெமோரியல் டேயோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மெமோரியல் டே மே மாதக் கடைசித் திங்கள், போரில் மாண்டவர்களுக்கு. வெட்டரன்ஸ் டே நவம்பர் 11, படையில் வேலை பார்த்த எல்லோருக்கும், முக்கியமாக இன்று நம்மோடு இருப்பவர்களுக்கு. அதனால் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு போகாதீர்கள். கொடியையும் அரைக்கம்பத்தில் இறக்க வேண்டாம்.

கொடியைச் சூரிய உதயத்தில் ஏற்றி அஸ்தமனத்தில் எடுத்துவிடுங்கள். இரவும் பறக்க வேண்டுமென்றால் அதன்மேல் விளக்கு வெளிச்சம் விழ வேண்டும். ஜன்னலில் தொங்கவிட்டால், தெருவில் நிற்பவருக்கு நட்சத்திரங்கள் இடப்பக்கம் தெரிய வேண்டும். கொடி அச்சடித்த பேப்பர் நாப்கினை வாங்காதீர்கள். தூக்கியெறியும் பொருளில் கொடியை அச்சடிக்கக் கூடாது என்று அமெரிக்கக் கொடி விதியிலேயே இருக்கிறது, கடைக்காரர்கள்தான் கண்டுகொள்வதில்லை.

தபால் நிலையமும் பெரும்பாலான வங்கிகளும் மூடியிருக்கும். ஊரில் நிகழ்ச்சி இருந்தால் பெரும்பாலும் காலை 11 மணிக்குத்தான். 1918-இல் முதல் உலகப் போர் ஓய்ந்த நேரம் அது. நடுவில் 1971 முதல் இந்த விடுமுறையை அக்டோபர் திங்களுக்கு மாற்றிப் பார்த்தார்கள். மக்களுக்குப் பிடிக்கவில்லை, 1978-இல் பழைய தேதிக்கே வந்துவிட்டது.

சரி, பக்கத்து வீடு. எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா வியட்நாம் போர்க் காலத்தில் கப்பற்படையில் மெக்கானிக். 'தேங்க் யூ ஃபார் யுவர் சர்வீஸ்' என்றால் சங்கடமாகத் தலையாட்டுவார். 'வெல்கம் ஹோம்' என்றால் முகமே மாறும். அந்தப் போரிலிருந்து திரும்பிய பலருக்கு அன்று அதைச் சொல்ல ஆளில்லை. மிளகாய் குறைத்து நாலு மெதுவடை கொண்டுபோங்கள், போதும்.

அப்புறம் என்ன பேசுவது? யாரையாவது சுட்டீர்களா என்று பிள்ளைகள் கேட்டுவிடாமல் முன்னமே சொல்லிவையுங்கள். எந்தக் கப்பல், என்ன வேலை, சாப்பாடு எப்படி என்று கேட்கலாம். எங்கே தூங்குவீர்கள் என்று என் மகன் கேட்டான். மூன்றடுக்குப் படுக்கையாம். மேல் படுக்கை எவ்வளவு கிட்டத்தில் இருக்கும் என்று மூக்குக்கு மேலே கையை விரித்துக் காட்டினார், ஒரு சாண் ஒன்றரைச் சாண்தான். அவராகப் பேசாவிட்டால் தோண்டாதீர்கள். புல்வெட்டும் மெஷினைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம்.

வெளியே சாப்பிடக் கூட்டிப்போவதானால், அன்று நிறைய உணவகங்களில் அவர்களுக்கு இலவசம். படையில் இருந்ததற்கான அடையாள அட்டையை எடுத்துவரச் சொல்லுங்கள். டிப்ஸை மட்டும் அவருடைய சாப்பாட்டு விலையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து நீங்கள் வையுங்கள்.