வீட்டில் வேப் திரவம் கலப்பதற்கு ஏற்ற சிறு தராசைத் தேர்ந்தெடுத்துச் சோதிக்கும் முறை

30 மி.லி. வேப் திரவத்தில் (மின்னணுச் சிகரெட்டில் ஆவியாக்கும் திரவம்) 2 சதவீதம் ஃபிளேவர் சேர்க்க வேண்டுமென்றால், சேர்க்கும் அளவு வெறும் 0.6 மி.லி. மட்டுமே. அதைச் சொட்டு எண்ணிச் சேர்ப்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வேறொரு சுவை வந்து நிற்கிறது. ஏனெனில் சொட்டின் பருமன் புட்டியின் மூக்கையும், திரவத்தின் கெட்டித்தன்மையையும், அழுத்தும் விரலின் வேகத்தையும் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். சிரிஞ்சால் அளப்பது அதைவிட மேல்தான். ஆயினும் ஒவ்வொரு ஃபிளேவருக்கும் ஒரு சிரிஞ்ச் வேண்டும், எல்லாவற்றையும் கழுவ வேண்டும், தேன்போல் இழுபடும் கிளிசரினை அதற்குள் உறிஞ்சுவதற்குள் கை ஓய்ந்துவிடும். எடை போட்டுக் கலப்பவருக்கு ஒரு புட்டியும் ஒரு தராசும் போதும். அந்தத் தராசு நம்பத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, வாங்கியபின் எப்படிச் சோதிப்பது என்பதையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிகரெட்டை விடுவதற்காக வேப்புக்கு மாறி, பிரிட்டனில் வாழும் வயதுவந்தவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். புகைப்பழக்கம் இல்லாதவர்கள் இதன் பக்கமே வர வேண்டியதில்லை. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் மின்னணுச் சிகரெட் தடைச் சட்டம் இவற்றின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு ஆகியவற்றைத் தடை செய்கிறது. சிங்கப்பூரில் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும்கூடக் குற்றம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கருவியையோ திரவத்தையோ பெட்டியில் எடுத்துச் செல்லாதீர்கள்.

படி 1: எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்பதைக் கணக்கிடுங்கள்

தராசின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, அது தாங்கும் உச்ச எடை. மற்றொன்று, திரையில் எண் நகரும் மிகச் சிறிய படி. சமையலறைத் தராசுகளில் அந்தப் படி பெரும்பாலும் 1 கிராம், நல்லவற்றில் 0.1 கிராம்.

மேலே சொன்ன 0.6 மி.லி. ஃபிளேவரின் எடை ஏறத்தாழ 0.62 கிராம். 0.1 கிராம் படியுள்ள தராசில் 0.6 என்று தெரியும்போது உள்ளே விழுந்திருப்பது 0.55 ஆகவும் இருக்கலாம், 0.65 ஆகவும் இருக்கலாம். அதாவது முன்னும் பின்னும் 8 சதவீதம் பிழை. இனிப்பூட்டியைப் போல 0.5 சதவீதமே சேர்க்கும் பொருளென்றால் நிலைமை இன்னும் மோசம். அதன் எடை 0.16 கிராம், திரையோ 0.2 என்று காட்டிவிட்டு நின்றுவிடும். 0.01 கிராம் படியுள்ள தராசில் இந்தச் சிக்கல்கள் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. ஒரு சொட்டு ஃபிளேவர் ஏறத்தாழ 0.03 கிராம் இருக்கும் என்பதால், ஒவ்வொரு சொட்டும் திரையில் தெரியும்.

அப்படியானால் 0.001 கிராம் தராசு இன்னும் நல்லதல்லவா என்று கேட்கத் தோன்றும். நம் வேலைக்கு அது ஒத்துவராது. மலிவாகக் கிடைக்கும் மில்லிகிராம் தராசுகள் பெரும்பாலும் 20 கிராம் அல்லது 50 கிராம் மட்டுமே தாங்கும், 30 மி.லி. திரவமே ஏறக்குறைய 36 கிராம், அதன்மேல் புட்டியின் எடையும் உண்டு. மேலும், மூச்சுக்காற்று பட்டாலே அதன் கடைசி எண் ஆடத் தொடங்கிவிடும்.

படி 2: வாங்குமுன் நான்கு விவரங்களைப் பாருங்கள்

உச்ச எடை 200 கிராமாவது இருக்கட்டும். கண்ணாடிப் புட்டியில் 100 மி.லி. கலப்பவர்களுக்கு 500 கிராம் வேண்டும். அமெரிக்கன் வே நிறுவனத்தின் எல்.பி.-501 என்ற தராசு இந்தக் கலவைக்காரர்களிடையே நெடுநாளாகப் பேர் பெற்றிருப்பது, அது 500 கிராம் தாங்கி 0.01 கிராம் படி காட்டுவதால்தான். அதையே வாங்க வேண்டும் என்பதில்லை. அந்த இரண்டு எண்களும் பொருந்தும் தராசு பிரிட்டனில் 20 பவுண்டுக்குள்ளேயே கிடைக்கும்.

இரண்டாவது, தானாக அணைந்துபோகும் நேரம். இதை யாரும் பெட்டியில் பெரிய எழுத்தில் போடுவதில்லை; ஆனால் என் அனுபவத்தில் கலவையைக் கெடுப்பதில் இதுவே முதலிடம். 60 விநாடியில் அணையும் தராசில், அடுத்த ஃபிளேவரின் மூடியைத் திறப்பதற்குள் திரை இருண்டுவிடும், பாதி ஊற்றிய அளவும் அதோடு போய்விடும். அணைவதை நிறுத்திவைக்க வழியுள்ள தராசையோ, மின் அடாப்டரில் இணைத்தால் அணையாத தராசையோ தேடுங்கள். விவரம் எழுதப்படவில்லையென்றால் விற்பவரிடம் கேட்டே வாங்குங்கள்.

தட்டு புட்டியின் அடியைவிட அகலமாகவும், திரை தட்டுக்கு முன்னால் தள்ளியும் இருக்க வேண்டும். சட்டைப்பைக்குள் அடங்கும் தராசுகளில் புட்டியே திரையை மறைத்துவிடும். தட்டு எவர்சில்வராக இருந்தால் சிந்தியதைத் துடைப்பது எளிது.

படி 3: இடத்தைத் தயார் செய்யுங்கள்

நகைக்கடையில் தராசைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திருப்பதையும், பொன்னை நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்தச் சொல்வதையும் பார்த்து வளர்ந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆடாத, சமமான மேசை வேண்டும். ஜன்னலும் ஹீட்டரும் அருகில் இருக்கக் கூடாது. குளிர்ந்த அறையிலிருந்து எடுத்துவந்த தராசு அறையின் வெப்பத்துக்கு வரும்வரை பொறுத்திருந்து, இயக்கியபின் சில நிமிடம் கழித்து வேலையைத் தொடங்குங்கள்.

படி 4: சொட்டுச் சோதனை

இந்தப் படியை விட்டுவிட்டு வேறெதைச் செய்தாலும் பயனில்லை. நான் முதலில் வாங்கிய தராசும் 0.01 கிராம் என்றே சொல்லிக்கொண்டது. ஆனால் மெதுவாகச் சொட்டுச் சொட்டாக விட்டால் திரை 0.00 என்றே நின்றது. ஐந்தாறு சொட்டுக்குப் பிறகு திடீரென்று விழித்துக்கொண்டு எண் ஓடத் தொடங்கும். அதற்குள் தேவைக்கு மேல் ஃபிளேவர் உள்ளே போயிருக்கும். இரண்டு மாதம் சுவை சரியாக வராததற்கு என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

காரணம் இதுதான். தூசி, வெப்பநிலை போன்றவற்றால் சுழி (பூஜ்யம்) மெல்ல நகர்வதைச் சரிசெய்வதற்காக, இத்தகைய தராசுகள் சுழிக்கு அருகில் நிகழும் சிறிய, மெதுவான மாற்றங்களைத் தாமாகவே அழித்துவிடுமாறு அமைக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் விடும் சொட்டையும் அப்படிப்பட்ட நகர்வென்றே அவை எடுத்துக்கொள்கின்றன.

சோதிப்பது எளிது. காலிப் புட்டியை வைத்து, அதன் எடையைக் குறித்துக்கொண்டு, டேர் பொத்தானை (தட்டில் இருக்கும் எடையைக் கழித்துத் திரையை 0.00 ஆக்குவது) அழுத்திச் சுழியாக்குங்கள். ஐந்து விநாடிக்கு ஒன்றாகப் பத்துச் சொட்டுத் தண்ணீர் விட்டு, திரையில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு புட்டியைத் தூக்கிவிட்டு, வெறும் தட்டைச் சுழியாக்கி, புட்டியை மீண்டும் வைத்து, காலிப் புட்டியின் எடையைக் கழியுங்கள். இப்படிக் கிடைக்கும் எண் முதல் எண்ணைவிடக் கூடியிருந்தால், அந்த வேறுபாடுதான் தராசு விழுங்கிய அளவு. 0.01 வித்தியாசம் வந்தால் பொருட்படுத்தாதீர்கள், 0.03-க்கு மேல் என்றால் அந்தத் தராசைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது. திருப்ப முடியாதென்றால், ஒவ்வொரு பொருளுக்கும் சுழியாக்காமல், மொத்த எடையைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போங்கள். சுழியிலிருந்து விலகிவிட்டால் இந்த விழுங்கல் பெரும்பாலும் நின்றுவிடும்.

இதே சோதனையைத் தட்டில் ஏற்கெனவே 30 கிராம் திரவம் இருக்கும் நிலையிலும் ஒருமுறை செய்து பாருங்கள். கலவையின் நடுவில் தராசு எதிர்கொள்ளப் போவது அந்த நிலையைத்தான்.

படி 5: நாணயச் சோதனை

பிரிட்டனின் 20 பென்ஸ் நாணயம் 5.00 கிராம், 50 பென்ஸ் 8.00 கிராம், 1 பவுண்டு 8.75 கிராம். புழங்கித் தேய்ந்த நாணயம் அந்த எடைக்குச் சரியாக இருக்காது என்பதால், இவற்றைக் கொண்டு தராசைத் திருத்தக் கூடாது. நடத்தையைப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். ஒரே நாணயத்தைப் பத்து முறை தட்டின் நடுவில் வைத்து எடுங்கள், பிறகு நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். எங்கே வைத்தாலும் எண் 0.02 கிராமுக்கு மேல் மாறக் கூடாது. அடுத்து, புட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்து, சுழியாக்கி, அதன் பக்கத்தில் அதே நாணயத்தை வையுங்கள். வெறும் தட்டில் காட்டிய எடையையே இப்போதும் காட்ட வேண்டும்.

படி 6: எடைக்கல் வைத்துத் திருத்துங்கள்

இந்தத் தராசுகளின் உள்ளே இருப்பது ஒரு சிறு உலோகத் துண்டும், அது வளைவதை உணரும் மின்னுணரியும். அவை அளப்பது விசையை. எனவே புவியீர்ப்பு மாறினால் காட்டும் எடையும் மாறும். தென் சீனாவைவிட லண்டனில் புவியீர்ப்பு ஏறத்தாழ 0.2 சதவீதம் அதிகம். அங்கே ஆலையில் 100.00 என்று சரிசெய்யப்பட்ட தராசு இங்கே 100.2 என்று காட்டினால் அது பழுதில்லை. 100 கிராம் எடைக்கல் ஒன்றை வாங்கி, கையேட்டில் உள்ளபடி திருத்திக்கொள்ளுங்கள். எடைக்கற்களைத் துல்லியத்தின்படி வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; எம்1 வகுப்பு எடைக்கல்லில் 100 கிராமுக்கு அனுமதிக்கப்பட்ட பிழை 5 மில்லிகிராம், அது போதும். எம்2 வகுப்பில் 16 மில்லிகிராம் வரை பிழை இருக்கலாம் என்பதால் அது நம் தராசின் படியைவிடப் பெரிது. எடைக்கல்லை வெறும் விரலால் தொடாதீர்கள்.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். நாம் கலப்பது விகிதத்தை. எல்லாப் பொருள்களையும் ஒரே தராசில் நிறுக்கும்போது, எல்லாமே 0.2 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தாலும் விகிதம் மாறாது. ஆகவே எடைக்கல் சோதனையில் சற்றே பிசகிய தராசு நல்ல திரவத்தைத் தந்துவிடும். சொட்டுச் சோதனையில் தோற்ற தராசு ஒருபோதும் தராது. தொடக்கநிலையாளர்கள் பலர் எடைக்கல்லை மட்டும் வைத்துப் பார்த்துத் திருப்தியடைந்துவிடுவதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

படி 7: முதல் கலவை

மி.லி. அளவைக் கிராமாக்க அடர்த்தி தெரிய வேண்டும். வேப் திரவத்தின் அடிப்படை கிளிசரினும் புரோப்பிலீன் கிளைகாலும்தான். ஒரு மி.லி. கிளிசரின் 1.26 கிராம், ஒரு மி.லி. புரோப்பிலீன் கிளைகால் 1.036 கிராம். ஃபிளேவர்கள் பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைகாலில் கரைக்கப்பட்டவை என்பதால் அதே எண்ணை வைத்துக்கொள்ளலாம். எண்ணெயில் கரைத்த எசன்ஸ் எதையும், அது சமையலுக்கானதாக இருந்தாலும், சேர்க்கவே கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போவது ஆபத்து.

பிரிட்டனில் சில்லறையில் விற்கும் நிக்கோட்டின் திரவம் மி.லி.க்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, புட்டி 10 மி.லி.யைத் தாண்டக் கூடாது. வழக்கமான நிக்கோட்டின் ஷாட் (கலவையில் சேர்ப்பதற்கான, சுவையில்லாத நிக்கோட்டின் திரவப் புட்டி) மி.லி.க்கு 18 மில்லிகிராம் வலிமையுடையது. 30 மி.லி. திரவம் மி.லி.க்கு 3 மில்லிகிராம் வலிமையில் வேண்டுமென்றால் மொத்தம் 90 மில்லிகிராம், அதாவது 5 மி.லி. ஷாட் தேவை. அந்த ஷாட்டில் கிளிசரினும் கிளைகாலும் பாதிப் பாதி என்றும், முடிவில் கிளிசரின் 70-க்குக் கிளைகால் 30 என்ற விகிதம் வேண்டும் என்றும் கொள்வோம். ஸ்ட்ராபெரி 8 சதவீதம், வெண்ணிலா 2 சதவீதம்.

வெண்ணிலா 0.62 கிராம்
ஸ்ட்ராபெரி 2.49 கிராம்
நிக்கோட்டின் ஷாட் 5.74 கிராம்
புரோப்பிலீன் கிளைகால் 3.63 கிராம்
கிளிசரின் 23.31 கிராம்

மொத்தம் 35.79 கிராம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மிகச் சிறிய அளவு முதலில் விழுந்தால், அதில் தவறு நேர்ந்தாலும் விலை உயர்ந்த எதுவும் வீணாகாது; கிளிசரினைக் கடைசியில் ஊற்றும்போது அரைக் கிராம் கூடினாலும் நாக்குக்குத் தெரியாது. ஷாட்டைத் திறக்குமுன் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தோலில் பட்டால் உடனே கழுவுங்கள். ஒரு 10 மி.லி. ஷாட்டுக்குள் 180 மில்லிகிராம் நிக்கோட்டின் இருக்கிறது. சிறு குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால், அது பூட்டு உள்ள அலமாரியில் இருக்க வேண்டிய பொருள்.

ஒவ்வொரு பொருளையும் ஊற்றியபின் எண் நிலைத்து நிற்கும்வரை காத்திருந்து, தாளில் குறித்துவிட்டே டேர் பொத்தானை அழுத்துங்கள். இலக்கு நெருங்கும்போது ஒரு சொட்டு விட்டு, இரண்டு விநாடி பொறுத்து, அடுத்த சொட்டை விடுங்கள். இறுதியில் புட்டியைத் தூக்கி, வெறும் தட்டைச் சுழியாக்கி, புட்டியை மீண்டும் வைத்து, தொடங்குமுன்பே எடைபோட்டுக் குறித்து வைத்த காலிப் புட்டியின் எடையைக் கழித்துப் பாருங்கள், 35.79-க்கு 0.1 கிராமுக்குள் நின்றால் கலவை சரி.

கை தவறி ஸ்ட்ராபெரி 2.74 கிராம் விழுந்துவிட்டால் அதை உறிஞ்சி எடுக்க முயலாதீர்கள். 2.49-ஐவிட அது 10 சதவீதம் அதிகம். எனவே மற்ற எல்லாவற்றையும் 1.1-ஆல் பெருக்கிச் சேருங்கள், 30 மி.லி.க்குப் பதில் 33 மி.லி. கிடைக்கும். இதற்காகவே நான் 30 மி.லி. கலவையையும் 60 மி.லி. புட்டியில்தான் தொடங்குகிறேன்.