புற்றுநோய் நிதி நடை: மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றுநோய்க்கு நிதி திரட்ட நடைப்பயணம் நடத்தப்போகும் ஒரு மாணவர் குழுவின் கூட்டத்தில் போன வாரம் உட்கார்ந்திருந்தேன். பேனர் நிறம், டீசர்ட் வாசகம் எல்லாம் முடிவாகியிருந்தது. "பணம் எதற்கு?" என்று கேட்டேன். "கேன்சர் நோயாளிகளுக்கு" என்றார்கள். மாணவனாக இருந்தபோது நானும் இதையேதான் சொன்னேன். தண்ணீர், முதலுதவி பற்றி எல்லாரும் சொல்வார்கள். நான் மற்றதைச் சொல்கிறேன்.

எதற்கென்று தெரியாமல் உண்டியலைத் தூக்குவது

எங்கள் முதல் நடையில் ஓர் அம்மா, நாலாக மடித்த நோட்டை உண்டியலில் பாதி நுழைத்துவிட்டு, கையை எடுக்காமல் கேட்டார்: "இது யாருக்குப்பா போகும்?" முடி கொட்டிய தலையில் துணி கட்டியிருந்தார். "உங்களை மாதிரி சிகிச்சைக்கு வர்றவங்களுக்குத்தாம்மா" என்றேன். பணத்தை ஒரு மருத்துவமனையில் கட்டினோம். ரசீதில் 'பொது நன்கொடை' என்று போட்டார்கள், அது கட்டட வேலைக்குப் போய்விட்டது. நாங்கள் எதையும் எழுதிக் கொடுக்காததுதான் காரணம். அந்த அம்மாவிடம் சொன்னது பொய்யாகிப்போனதை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்குக் கோபம் வரும்.

ஆராய்ச்சி வேறு, விழிப்புணர்வு வேறு, சிகிச்சைக்கான உதவி வேறு. நோட்டீஸ் அடிக்கும் முன்பே சிகிச்சை மையத்தின் சமூகப் பணியாளரைப் போய்ப் பாருங்கள். யார் எதற்குத் தடுமாறுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். கதிர்வீச்சு சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள் வீதம் பல வாரம் நடக்கும். தினமும் சில நிமிட வேலைதான். ஆனால் போய்வரும் செலவும், கூட வருபவர் இழக்கும் கூலியும் குடும்பத்தை அசைத்துவிடும். சரி, வண்டிச் செலவுக்குத்தான் என்று முடிவானால், அதை மையத்திடம் எழுத்தில் வாங்குங்கள். அதே வாசகம் நோட்டீஸ், உண்டியல், ரசீது மூன்றிலும் இருக்கட்டும்.

வாக்கை வசூலாக எண்ணுவது

"நீ நடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு தருகிறேன்" என்றவர்களைப் பிறகு தேடி அலைவது பெரும்பாடு. 1985-இல் அமெரிக்காவின் டகோமாவில் கோர்டன் கிளாட் என்ற அறுவை மருத்துவர் 24 மணி நேரம் ஓட்டப்பந்தயத் தடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, புற்றுநோய் நிதியாக 27,000 டாலர் திரட்டினார். நண்பர்கள் 25 டாலர் கொடுத்து அவரோடு அரை மணி நேரம் சேர்ந்துகொண்டார்கள். நீங்களும் பெயர் பதியும்போதே வாங்கிவிடுங்கள்.

வசூலிலிருந்து டீசர்ட் வாங்குவது

கூடவே கூடாது.

நோயாளிகளை மறந்து பாதை போடுவது

நீண்ட ஒற்றைப் பாதையில் களைத்தவர் நடுவழியில் மாட்டிக்கொள்வார். சின்னச் சுற்றாகப் போடுங்கள், நிழலில் நாற்காலி வையுங்கள். கீமோ (புற்றுநோய்க்கான மருந்து சிகிச்சை) எடுப்பவருக்கு ரத்தத்தில் வெள்ளையணு குறைந்திருந்தால் தொற்று எளிதில் ஒட்டிக்கொள்ளும், கூட்டமே ஆபத்து. வரச்சொல்லி வற்புறுத்த வேண்டாம். அப்புறம், கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள்.

கணக்கை நாளைக்குத் தள்ளுவது

அன்று மாலையே இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்துப் போடுங்கள்.