பதினொரு நாளில் அறுந்த கீ செயின்: ரிப்பன் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் செய்த முதல் ரிப்பன் கீ செயின் பதினொரு நாள்தான் உழைத்தது. அத்தையின் வீட்டுச் சாவிக்காகச் செய்தது. மயில்கழுத்து நிறச் சாட்டின், நடுவில் ஒரு வெள்ளை முத்து. சித்திரை வெயிலில் சாவியைக் காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டுக் கல்யாண மண்டபத்துக்குள் போயிருக்கிறார். திரும்பி வந்து எடுத்தபோது ரிப்பன் ஒரு கையில், வளையம் மறு கையில். இரண்டுக்கும் நடுவே பாகுக் கம்பி போல ஒரு பசை இழை. அத்தை என்னை ஒன்றும் சொல்லவில்லை. பழைய நூல்கயிற்றையே சாவியில் கட்டிக்கொண்டார். அது திட்டுவதைவிட மோசம்.

நான் வளையத்தை ஒட்டியிருந்த க்ளூ கன் பசை சூட்டில் உருகித்தான் ஒட்டுகிறது. மறுபடி சூடு ஏறினால் இளகவும் செய்யும். வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் அந்தச் சூடு தாராளமாகவே கிடைக்கும். முத்து, துணிப்பூ போன்றவற்றை ஒட்ட அந்தப் பசை போதும். எடை தாங்கும் இடத்தில், அதாவது ரிப்பன் வளையத்தைச் சுற்றித் திரும்பும் மடிப்பில், தையல்தான் வேண்டும். ஒரு அங்குலமாவது மடித்து, சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் பெருக்கல் குறி போல இரண்டு ஓட்டம் விடுங்கள். பள்ளிக்கூடப் பையின் வாரில் பாருங்கள், அதே தையல் இருக்கும். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். கையால் தைப்பதானால் இரட்டை நூல்.

அடுத்தது ரிப்பனைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறு. பரிசுப் பொட்டலத்தில் கட்டும் பிளாஸ்டிக் ரிப்பன் நீளவாக்கில் நார் நாராகக் கிழிந்துபோகும். அதைத் தொடவே வேண்டாம். சாட்டினிலும் ஒரு சங்கடம் உண்டு. அதன் பளபளப்பே இழைகள் நீளமாக மேலோடுவதால் வருகிறது. சாவியின் பற்கள் அந்த இழைகளைத்தான் முதலில் பிடித்து இழுக்கும். கைப்பைக்குள் ஒரு வாரம் கிடந்தால் பூனை பிறாண்டியது போல ஆகிவிடும். குறுக்கே வரி வரியாக நெய்த கிராஸ்கிரெய்ன் ரிப்பன் இதற்குப் பல மடங்கு மேல். சாட்டின்தான் வேண்டுமென்றால் அதே அகலத்தில் பருத்திப் பட்டை ஒன்றை அடியில் வைத்துத் தையுங்கள். பட்டை தடிமனாக இருந்தால் மெஷினில் 16ஆம் நம்பர் ஊசி போடுங்கள். மெல்லிய ஊசி ஒடியும்.

வெட்டிய முனையை நெருப்பில் காட்டி அடைப்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் பலர் சுடரின் மஞ்சள் நுனியில் பிடிக்கிறார்கள். அங்கே கரி படியும். வெள்ளை ரிப்பனின் ஓரம் சமையலறைக் கைப்பிடித் துணி போல் ஆகிவிடும். சுடரின் அடியில் நீலமாக இருக்கும் பகுதிக்குப் பக்கவாட்டில், தொடாமல், ஒரு நொடி காட்டினால் போதும். எனக்குப் பிடித்தது ஊதுபத்தி: கனன்று கொண்டிருக்கும் நுனியை ஓரத்தில் மெல்ல இழுத்தால் இழைகள் அடங்கிவிடும், கரியும் கிடையாது. உருகிய ஓரத்தை விரலால் தேய்த்துச் சமன் செய்ய நினைக்காதீர்கள். பாலியஸ்டர் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். பருத்தி ரிப்பன் உருகாது, எரியும். அதனால் எதையும் முதலில் ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள்.

இரண்டு மெல்லிய ரிப்பன்களைக் குறுக்கும் நெடுக்குமாக மடித்துப் பின்னும் கீ செயின் தனி வேலை. வயர் கூடை போட்டுப் பழகிய கைக்கு அது சீக்கிரம் வந்துவிடும். இழையை நேர் எதிரே போட்டால் சதுரமாக எழும். சாய்த்துப் போட்டால் திருகிக்கொண்டு உருண்டையாகும். நடுவில் ஒரு சுற்று மட்டும் போடும் விதம் மாறினால் அந்த இடம் கூன் விழுந்தது போல் தெரியும். ஒரு பக்கம் மட்டும் பளபளக்கும் சாட்டினில் பின்னினால் மங்கிய பக்கம் அங்கங்கே வெளியே வரும். இருபுறமும் பளபளப்பானதைக் கேட்டு வாங்குங்கள். நீளம் போதாமல் பாதியில் நிற்பது இதில் தினசரிக் கதை. ஒரு அங்குலம் பின்னிப் பிரித்து, எவ்வளவு ரிப்பன் இழுத்தது என்று அளந்துவிட்டு மீதியை வெட்டலாம்.

வளையத்துக்கு வருவோம். பாசிமணி நகைகளில் வரும் ஒற்றைச் சுற்றுக் கம்பி வளையம் சாவிக்கு ஆகாது. சாவியின் எடையில் வாய் திறந்துகொள்ளும். மெல்லிய ரிப்பன் அந்த இடுக்கில் நழுவிவிடும். இரட்டைச் சுற்று வளையம்தான் வேண்டும். முனையைக் கவ்வும் உலோகப் பிடி போடுவதானால் பிடியும் ரிப்பனும் ஒரே அகலம் இருக்க வேண்டும், 25 மில்லிமீட்டர் பிடிக்கு 25 மில்லிமீட்டர் ரிப்பன். குறட்டின் வாயில் பழைய துணி சுற்றாமல் அழுத்தினால் பல் தடம் பளிச்சென்று பதிந்துவிடும்.

மலிவான அடர்சிவப்பு ரிப்பனை ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்; சாயம் போனால் வியர்த்த கையில் ஒட்டும்.

கொலுவுக்கு வருபவர்களுக்குக் கொடுக்கலாம் என்று ஒரே மூச்சில் முப்பது செய்து அடுக்குகிறவர்கள் உண்டு. முதலில் ஒன்றே ஒன்று செய்து, வீட்டிலேயே அதிகம் தூக்கி எறியப்படும் சாவியில் மாட்டி, இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது மோட்டார் அறைச் சாவி. அத்தைக்கு நான் செய்த இரண்டாவது கீ செயின் அந்தச் சாவியில் பதினைந்து நாள் தொங்கிய பிறகுதான் அவர் கைக்குப் போனது. முத்து வைக்கவில்லை.